மனநல வார்டுக்கு மாணவிகளை அழைத்து வரும் நர்சிங் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களே,

இருபது வருடமாக உங்கள் கல்லூரி பஸ்கள் எங்கள் வார்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். ஒரு கோரிக்கை. முதல் இரண்டு நாளாவது பிள்ளைகளை ஃபைல் இல்லாமல் உள்ளே அனுப்புங்கள்.

போன போஸ்டிங்கில் ஒரு மாணவி, மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறும் பெரியவரின் கட்டிலருகே நின்றபடியே, "காதுல யாராவது பேசுற மாதிரி கேட்குதா ஐயா?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேத்து வந்த பாப்பாவும் இதத்தான் கேட்டுச்சு. கேட்குதுன்னு எழுதிக்கம்மா." அவளும் எழுதிக்கொண்டாள்.

அதுதான் ப்ராசஸ் ரெக்கார்டிங்காக, அதாவது நோயாளியோடு பேசியதை அப்படியே எழுதும் நோட்டாக, உங்கள் மேஜைக்கு வருகிறது. பாதி நோட்டுகள் ஹாஸ்டலில் சீனியரைப் பார்த்து எழுதியவை என்பது உங்களுக்கும் தெரியும். அவ்வளவு அழகான ஆங்கிலத்தில் எங்கள் வார்டில் யாரும் பேசுவதில்லை!

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பயம். அந்தப் பயத்தைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை, அதனால் ஃபைலைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க நர்சிங் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இலேயே சொன்னது, நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையில் வளரும் உறவுதான் இந்த வேலையின் அடிப்படை என்று. பரீட்சைக்கு அந்த உறவுக்கு அவர் சொன்ன நான்கு கட்டங்களைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுப் பத்து நிமிடம் பேசாமல் உட்காரத் தெரியவில்லை.

குரல் கேட்பவரிடம் "அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்று வாதாடினால் அவர் வாயை மூடிக்கொள்வார். "ஆமாம், எனக்கும் கேட்குது" என்பது அதைவிட மோசம். "எனக்கு அந்தக் குரல் கேட்கலைங்க. உங்களுக்குக் கேட்குது, பயமா இருக்குன்னு புரியுது." இந்த இரண்டு வரியைப் பிள்ளைகள் தமிழில் சொல்லிப் பழக வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதும் அப்படித்தான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

உட்கார்ந்திருப்பதில் வேறு பலனும் உண்டு. ஹாலோபெரிடால் ஊசி போட்டிருந்த ஒரு பையனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண் மேலே சொருகியது. "நடிக்கிறான்" என்றார்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மாணவிதான் ஓடி வந்து, "சிஸ்டர், இப்ப வரைக்கும் நல்லா பேசிட்டிருந்தான்" என்றாள். அது மருந்தின் பக்கவிளைவு. டாக்டர் வந்து புரோமெத்தசின் போட்டதும் கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. அன்று அவள் ரெக்கார்டில் ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு எத்தனை மார்க் போட்டீர்களோ!

அப்புறம், யாராவது குரலை உயர்த்தினாலே "கட்டிப் போடலாமா சிஸ்டர்?" என்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தண்டனையாகவும் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது என்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரைப் பற்றி வகுப்பில் சொல்லுங்கள். உங்கள் மாணவிகளில் பலர் பிறப்பதற்கு முன்பே நடந்தது அது.

கடைசியாக, விடைபெறுவது. பெப்லாவ் சொல்லும் நான்காவது கட்டம் இதுதான், ஆனால் இதற்கான பேச்சை முதல் நாளே தொடங்க வேண்டும்: "நான் பத்து நாள் வருவேன், அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி." உங்கள் பிள்ளைகள் இதைச் சொல்வதில்லை. பஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுகிறது. திங்கட்கிழமை காலை அந்தப் பெரியவர் முகம் கழுவி, தலை சீவி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஃபைல் வச்சிருந்த பாப்பாவுக்கு இன்னிக்கு லீவா சிஸ்டர்?"

இப்படிக்கு,
மனநல வார்டு நர்ஸ் ஒருத்தி