கரித்துணி இல்லடி, டீ டவல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். பார்சல் வந்ததும் ஃபோனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. "இன்னொரு கரித்துணியாம்மா? என் வீட்டில் எத்தனை பாத்திரம் இருக்கிறதென்று நினைத்தாய்?" என்றாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை ஏதோ சொல்ல, அதற்கும் ஒரு சிரிப்பு. ஃபோனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, பார்.

முதலில் அந்தப் பெயரை மாற்று. கரித்துணி என்பது கிழிந்த பழந்துணி. சூடாக இருப்பதைப் பிடித்து இறக்க, சிந்தியதை ஒற்ற, கடைசியில் குப்பைக்கு. நான் அனுப்பியது டீ டவல், கண்ணாடி டம்ளரையும் பீங்கானையும் துடைப்பதற்கென்றே நெய்த துணி. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் பெரிய வீட்டுச் சீமாட்டிகள், வேலைக்காரர் கையில் கொடுத்தால் உடைந்துவிடும் என்று பயந்து, பீங்கான் டீ செட்டைத் தாங்களே லினன் துணியால் துடைத்து வைப்பார்களாம். பெயரில் டீ ஒட்டிக்கொண்ட கதையை அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டில் வேறு எந்த வேலையும் தொடாத கைகள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் முன்வந்தன என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

எனக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கைக்குழந்தை. என்னோடு வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி வெளிநாடு போய்விட்டு வந்து ஒரு டவல் கொடுத்தாள். அயர்லாந்து வரைபடம், ஊர் ஊராகச் சின்னச் சின்னப் படங்கள், நாலு பக்கமும் பச்சை ஓரம். பாத்திரம் துடைக்க என்று எனக்குத் தோன்றவே இல்லை. இஸ்திரி போட்டு டிவி மேல் விரித்து வைத்தேன், அதன் மேல் ஒரு பொம்மை. ஆறு மாதம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். பார்த்தாள். ஒன்றும் பேசாமல் பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டவலை உருவிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் "ஐயையோ" என்று கத்தியேவிட்டேன். அவள் டம்ளரை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். ஒரு தும்பு இல்லை, ஒரு நீர்க்கோடு இல்லை. விரல் பட்டதும் கீச்சென்று ஒரு சத்தம். அன்றைக்கே டீயும் சிந்தி, கால்வே பக்கத்தில் கடலுக்குள் ஒரு பழுப்புத் தீவு முளைத்தது. இன்றும் இருக்கிறது. அதைத்தான் நான் என் சேகரிப்பில் முதல் எண்ணாக வைத்திருக்கிறேன்.

அந்தத் தும்பில்லாத கண்ணாடிக்குக் காரணம் துணிதான். ஆளி விதை தின்கிறாயே, அதே ஆளிச் செடியின் தண்டிலிருந்து உரிக்கிற நார்தான் லினன். நார் நீளமாக இருப்பதால் உதிராது, பஞ்சு ஒட்டாது. நனைந்தால் அதன் பலம் கூடும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகி இன்னும் நன்றாக நீர் குடிக்கும். புதிதாக இருக்கும்போது விறைப்பாக, தண்ணீரைத் தள்ளிவிடுவதுபோல இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலபேர் "இது எதற்கும் உதவாது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாவம், பத்துத் துவைப்பு பொறுத்திருந்தால் போதும். 19-ஆம் நூற்றாண்டில் இந்த நாரை வைத்தே வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம் பிழைத்தது. லினனோபோலிஸ் என்றே அதற்குப் பட்டப்பெயர்.

பருத்தியும் எனக்குப் பிடிக்கும், லினனும் பருத்தியும் கலந்து நெய்வதும் நல்லது. பாலியெஸ்டர் கலந்ததைத்தான் கிட்டே சேர்க்க மாட்டேன். தண்ணீரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தும், அவ்வளவுதான். நீ எங்கேயாவது ஒன்று வாங்க நேர்ந்தால் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார். சாயம் நூலுக்குள் இறங்கியிருந்தால் பின்பக்கமும் நிழல்போலத் தெரியும். மேலே பிளாஸ்டிக் மாதிரி தடிமனாகப் படிந்திருந்தால் அந்த இடம் துடைக்காது, வழுக்கும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடு.

அழகு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதெல்லாம் யாரோ பொழுதுபோகாமல் வரைந்தது என்று நினைக்காதே. பிரிட்டனின் பெரிய ஜவுளி ஓவியர் லூசியன் டே, 1951-இல் 'கேலிக்ஸ்' திரைச்சீலைத் துணியால் பேர் வாங்கியவர், டீ டவலுக்கும் வரைந்திருக்கிறார். பேட் ஆல்பெக் என்ற அம்மா, அங்கே பழைய மாளிகைகளைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு மட்டும் 300-க்கும் மேல் வரைந்தார். 2017-இல் காலமானபோது டீ டவல் ராணி என்றே எழுதினார்கள். அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி எட்ட நிற்க வைக்கிற கைவண்ணத்தை, இங்கே ஈரக் கையோடு தொட்டுப் பிழிந்து கொடியில் போடலாம். எனக்கு இதில் இருக்கிற கிறுக்கே அதுதான்.

எல்லாரும் அப்படி நினைப்பதில்லை. 2011-இல் இளவரசர் வில்லியம் கல்யாணத்துக்கு முன்னால், நினைவுப் பொருள்களில் மணமக்கள் படத்தைப் போடலாம், ஆனால் டீ டவலில் மட்டும் கூடாது என்று அரண்மனை சொல்லிப் பார்த்தது. இளவரசர் முகத்தால் தட்டுத் துடைப்பதா என்று கௌரவம் பார்த்தார்கள் போல. எதிர்ப்பு கிளம்பியதும் இறங்கி வந்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் டீ டவலைப் பிடுங்க முடியுமா!

சரி, ஏன் எல்லாருக்கும் இதையே கொடுக்கிறாய் என்று கேட்டாயே. நீ சிரித்துக்கொண்டே கேட்டாலும் அது நியாயமான கேள்வி. ஒரு பொம்மையோ பூ ஜாடியோ கொடுத்தால் வாங்கியவர் அதற்கு ஓர் இடம் தேட வேண்டும், தூசி தட்ட வேண்டும், நாம் போகிறபோதெல்லாம் எடுத்து வெளியே வைக்க வேண்டும். உடுப்பு என்றால் அளவு தெரிய வேண்டும். விலை கூடினதைக் கொடுத்தால், பதிலுக்கு என்ன செய்வது என்று அவர்களுக்குக் கவலை. டவல் இது எதையும் கேட்காது. மடித்தால் ஒரு பத்திரிகை கனம், தபாலில் உடையாது, எல்லார் வீட்டிலும் ஈரப் பாத்திரம் இருக்கிறது. பிடிக்காவிட்டாலும் துடைக்கலாம். பிடிக்காத பூ ஜாடியை என்ன செய்வாய்? காகிதம் வாங்காமல் அதிலேயே இன்னொரு பரிசைச் சுற்றிக் கட்டியும் கொடுக்கலாம். ஜப்பானில் ஃபுரோஷிகி என்று சதுரத் துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்களே, அதேபோல.

ஆனால் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். சோம்பேறிப் புருஷனைப் பற்றிக் கேலி வாசகம் அச்சடித்த டவல் ஒன்றை, நல்ல வேடிக்கை என்று நினைத்து, ஒரு தோழிக்குக் கொடுத்தேன். அவள் வீட்டில் அந்த வாரம்தான் அதே விஷயத்துக்குப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? விரித்துப் படித்தாள், அவரும் எட்டிப் படித்தார், மூன்று பேரும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தோம். அதிலிருந்து நான் வாசகம் அச்சடித்ததை வாங்குவதில்லை. சண்டையே இல்லாத வீட்டிலும் மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது அந்த ஜோக் செத்துப்போகும். பறவைப் படத்துக்கு அந்தக் கதி வராது. மீன்கொத்தியை முந்நூறு தடவை பார்த்தாலும் மீன்கொத்திதான்.

உன் அப்பா இதில் சேரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது நான் கழுவுகிறேன், அவர் துடைக்கிறார். இன்றைக்கு எதை எடுப்பது என்று காலையில் அலமாரி முன்னால் நின்று யோசிக்கிறார். தட்டுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. மாற்றி எடுத்தால் எனக்கே திட்டு விழுகிறது.

மொத்தம் எண்பத்து நாலு இருக்கின்றன. எல்லாவற்றையும் உபயோகிக்கிறோம். ஒன்றைத் தவிர. சொல்லாமல் விட்டால் நீயே கண்டுபிடித்துக் கேட்பாய். ஒன்றாம் வகுப்பில் உங்கள் எல்லாரையும் அவரவர் முகத்தை வரையச் சொல்லி, ஒரே துணியில் அச்சடித்துப் பள்ளி நிதிக்காக விற்றார்களே, அது. மூன்றாவது வரிசையில் நீ. காது வரையவில்லை, ஆனால் கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்திருக்கிறாய். வலது கண்ணுக்கு ஏழு, இடது கண்ணுக்குப் பதினொன்று. அதில் தண்ணீர் பட விடமாட்டேன். டிவி மேல் விரித்ததற்காக என்னைப் பார்த்துச் சிரித்த சிநேகிதி இப்போது இருந்திருந்தால் இதையும் உருவிக்கொண்டு போயிருப்பாள். போகட்டும், ஒன்றே ஒன்றுதானே. வெளிச்சம் படாமல் சுருட்டி வைத்திருக்கிறேன். லினனை ஒரே கோட்டில் மடித்து மடித்து வைத்தால் அந்த மடிப்பிலேயே நார் முறிந்துவிடும். மற்றவற்றையும் அவ்வப்போது பிரித்து வேறு மாதிரி மடித்து அடுக்குகிறேன்.

இனி உன் பார்சல். நீ சரியாக விரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். அது 1987-இன் காலண்டர், நீ பிறந்த வருஷம். அந்தக் காலத்தில் காலண்டர் டவல் என்று ஒரு வகை. மேலே ஒரு குச்சியும் கயிறும் வைத்துச் சமையலறைச் சுவரில் மாட்டுவார்கள். வருஷம் முடிந்ததும் குச்சியை உருவிவிட்டுப் பாத்திரம் துடைக்கப் போட்டுக்கொள்வார்கள். பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரு மேஜை விரிப்புக்கு அடியில் கிடந்தது. கயிறு இல்லை, குச்சி இல்லை, ஆனால் துணி நல்ல துணி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருக்கிற இந்த வருஷக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். ஜனவரி 1 அங்கேயும் வியாழன், இங்கேயும் வியாழன். பன்னிரண்டு மாதமும் தேதிக்குத் தேதி ஒத்துப்போகிறது! 365 நாளில் 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். அதனால் ஒவ்வொரு வருஷமும் கிழமை ஒன்று தள்ளும், லீப் வருஷத்துக்கு அடுத்து இரண்டு தள்ளும். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். 1987 அப்படி 1998-இல் வந்தது, 2009-இல் வந்தது, 2015-இல் வந்தது, இதோ 2026-இல் வந்திருக்கிறது. அடுத்து 2037. உனக்கு ஐம்பது. அப்பா இதையெல்லாம் ஒரு காகித உறையின் பின்னால் எழுதிக் கணக்குப் பார்த்துவிட்டு, "உடனே அனுப்பு, வருஷம் ஓடுகிறது" என்றார்.

அதனால் அலமாரியில் வைக்காதே. உபயோகிக்கும் முன்னால் ஒருமுறை வெந்நீரில் அலசு. எத்தனை வருஷம் கிடந்ததோ. துணி மெதுமெதுவென்று ஆவதற்காக ஊற்றுகிறார்களே ஒரு திரவம், அதை இதில் ஊற்றவே ஊற்றாதே. நார் மேல் மெழுகுபோல் படிந்து, அப்புறம் தண்ணீரே இழுக்காது. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடு. கண்ணில் படுகிற ஆணியில் மாட்டு. தேதி பார்க்கவும் ஆகும், டம்ளர் துடைக்கவும் ஆகும்.

ஒன்று கவனித்தாயா? அக்டோபர் 17-ஐச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. துவைத்துத் துவைத்து மங்கிவிட்டது, ஆனால் போகவில்லை. நான் போட்டதில்லை. யார் வீட்டில் யாருக்கு என்ன நாளோ. பிறந்த நாளோ, பல் பிடுங்கப் போகிற நாளோ. இந்த வருஷமும் அது சனிக்கிழமைதான், உனக்கு லீவுதான். அன்றைக்குச் சாயங்காலம் ஃபோன் பண்ணுகிறேன், எடு.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. துடைக்கிற வேலையை அவரிடம் கொடு.

அன்புடன்,
அம்மா