பெயின்ட் கடைசியில்தான்

கோயம்புத்தூர்

அன்புள்ள செல்வா,

நீ அனுப்பிய பதினேழு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை அவரே படிக்கிறார், நீ அடுத்து எப்போது வருவாய் என்று கேட்கச் சொன்னார்.

வண்டிக்கு வருகிறேன். 1973 ஹோண்டா சிஆர்250எம் எல்சினோர், அதுவும் கலிஃபோர்னியாவில் ரிவர்சைட் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. உன் வீட்டுக்கு அருகில் இருக்கும் லேக் எல்சினோரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஹோண்டா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டி அது. கம்பெனியைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு டூ ஸ்ட்ரோக் என்றாலே பிடிக்காது. அப்படிப்பட்ட கம்பெனி விற்ற அந்த முதல் மோட்டோகிராஸ் வண்டியிலேயே பந்தய வீரர் கேரி ஜோன்ஸ் அந்த வருடம் அமெரிக்க 250 தேசியப் பட்டத்தை வென்றார். இந்த வண்டியைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

டேங்குக்கு எந்த வெள்ளி நிறம், எந்தப் பச்சைப் பட்டை என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் பார்ப்போம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடிப்பெட்டிதான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கலவையை உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அழுத்தி சிலிண்டருக்குத் தள்ளுகிறது. அந்தப் பம்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், கார்புரேட்டரில் எந்த ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) மாற்றினாலும் வண்டி சரியாகாது. காசு முதலில் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் கிக்கரைத் தொடாதே. பல வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் லைனரோடு (சிலிண்டரின் உள் உறை) துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஒரு உதை போதும், சுவரில் நீளமாகக் கீறல் விழுந்துவிடும். பிளக்கைக் கழற்றி, காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து 30 மில்லி ஊற்றி மூன்று நாள் விடு. பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. சைலன்ஸரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பார். கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்டேக் பக்கமும் பார். எலிக்கூடு, பொடிந்துபோன ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தப் பழைய ஸ்பாஞ்ச் தொட்டாலே மாவாக உதிரும். இன்ஜின் ஓடினால் நேராக உள்ளே போய்விடும். பெட்டியை முழுதாகக் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போடு.

ஸ்குரூ விஷயம். கேஸில் உள்ள நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் ஜப்பானிய அளவு, ஜேஐஎஸ். உன் ஊர்க் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் பிட் ஏறக்குறைய உட்காரும், ஆனால் திருகும்போது மேலேறித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் பிட்டும் கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கு. ஒரு அட்டையில் கேஸ் மூடியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு ஸ்குரூவைச் செருகி வை. நீளங்கள் வேறுவேறு. நீளமான ஒன்று தவறான ஓட்டையில் போனால் கேஸ் விரிசல் விடும்.

பக்க மூடிகள் மெக்னீசியம் என்பதை மறந்துவிடாதே. துரு நீக்கும் ஆசிட் எதையும் அதன் கிட்டேயே கொண்டுபோகாதே, கரைத்துவிடும். கிரைண்டரில் போட்டால் அந்தத் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். டேங்க் அலுமினியம், அதற்கு எமன் காஸ்டிக் சோடா. இரும்பு டேங்கைச் சுத்தம் செய்ய எல்லோரும் சொல்லும் எலக்ட்ராலிசிஸ், டிரெயின் கிளீனர் எதுவும் இங்கே செல்லாது. உள்ளே இருப்பது துருவே அல்ல, காய்ந்து கோந்தாகிப் போன பழைய பெட்ரோல். அசிட்டோனும் ஒரு கைப்பிடி மர ஸ்குரூவும் போட்டுக் குலுக்கு. குலுக்கும் முன்பும் பின்பும் ஸ்குரூக்களை எண்ணிக்கொள்.

அடுத்தது கிராங்க். நான் அதிகம் பயப்படுவது இங்கேதான். சிலிண்டரைக் கழற்றியதும் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார். கொஞ்சமாவது தட்டினால் பெரிய முனை பேரிங் போய்விட்டது. பக்கவாட்டில் ஆடுவது இயல்பு, அதை ஃபீலர் கேஜ் வைத்து மேனுவலோடு ஒப்பிடு. நின்ற வண்டியில் ஈரம் கீழே தங்கி, ரோலர்கள் நின்ற இடத்திலேயே குழி போட்டிருக்கும். கையால் சுற்றினால் மென்மையாகத்தான் தெரியும். 7000 ஆர்பிஎம்மில் வெடித்துவிடும். சந்தேகம் இருந்தால் கனெக்டிங் ராட் கிட்டையே மாற்றிவிடு. பிரஸ்ஸில் பிரித்துச் சேர்த்தபின் சென்டரில் வைத்து டயல் கேஜால் ஓட்டம் (சுற்றும்போது கிராங்க் அலையும் அளவு) பார்க்கச் சொல், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஏற்காதே. மெயின் பேரிங் சி3 கிளியரன்ஸாக (வழக்கத்தைவிட உள் இடைவெளி அதிகம்) இருக்கட்டும். கேஸை 100 டிகிரி வரை சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் வைத்துப் போட்டால் தானே விழும். சுத்தியல் வேண்டாம். கேஸைப் பிரிக்கும்போது இடுக்கில் ஸ்குரூடிரைவர் நெம்பாதே, புல்லர் போடு. கேஸ் சேரும் அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் காற்று போகும்.

ஆயில் சீல் இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்று. இடதுபக்கம், மேக்னெட்டோ பக்கத்து சீல் கெட்டால் வெறும் காற்றை உறிஞ்சும். கலவை லீனாகும் (பெட்ரோல் குறைந்து காற்று கூடும்), ஐடில் நிற்காது, ஆக்சிலேட்டரை மூடியபின்னும் ஆர்பிஎம் இறங்க மறுக்கும். கடைசியில் பிஸ்டன் சீஸாகும் (சூட்டில் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும்) அல்லது தலையில் ஓட்டை விழும். வலதுபக்கம், கிளட்ச் பக்கத்து சீல் கெட்டால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை, அடிக்கடி நனையும் பிளக், காரணமில்லாமல் குறையும் கியர் ஆயில் என்று மூன்றும் சேர்ந்து வரும். இங்கே ராஜ்தூத் 350-க்கும் ஆர்எக்ஸ் 100-க்கும் இதே வியாதிதான். பலர் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) பார்ப்பதற்கு சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையிலும் அள. அசல் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 64.4. இரும்பு லைனர் என்பதால் கடைந்து பெரிதாக்க, அதாவது போர் போட முடியும். பிஸ்டனைக் கையில் வாங்கியபிறகுதான் லேத் கடைக்குப் போ. கிளியரன்ஸ் அந்த பிஸ்டன் டப்பாவில் உள்ள சீட்டில் சொன்னபடி வேண்டும். ஃபோர்ஜ்டு (அடித்துச் செய்த) பிஸ்டன் காஸ்ட் (வார்த்த) பிஸ்டனைவிட அதிகம் விரியும், அதற்கு இடைவெளியும் அதிகம். போர் போட்டபின் போர்ட் ஓரங்களை மெல்ல உருட்டிவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான், கூரான ஓரம் ரிங்கைச் சிக்கவைத்து உடைக்கும். ரிங் வாயிடைவெளிக்கு போரை 0.004-ஆல் பெருக்கு, 70-க்கு 0.28 மில்லிமீட்டர் வரும். கழுவும்போது பெட்ரோல் போதாது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாம்பல் நிறம் வராத வரை கழுவி, உடனே எண்ணெய் பூசு. கஜன் பின் (பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பின்) லாக் புதிதாகப் போடு, வாய் மேலே அல்லது கீழே இருக்கட்டும். பிஸ்டன் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம்.

இன்ஜினில் காற்று கசிகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட்டைத் தவிர்க்காதே. தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பும் டயலும் போதும். எக்ஸாஸ்ட்டை ரப்பர் அடைப்பால் மூடு. இன்டேக்கை கார்புரேட்டர் உட்காரும் ரப்பரின் வாயில் மூடு, அப்போதுதான் அந்த ரப்பரும் சோதிக்கப்படும். பிஸ்டனைக் கீழே இறக்கி வை. பிளக் ஓட்டை வழியாக டயலில் 300 (மில்லிமீட்டர் பாதரசம்) வரை காற்று ஏற்று, ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் சீல் தள்ளிக்கொண்டு வெளியே வரும். 6 நிமிடம் காத்திரு. 50-க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளி. ஓட்டை எங்கே என்று குமிழியே சொல்லும். அதைச் சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்யாதே.

கெய்ஹின் கார்புரேட்டரைப் பிரித்து அல்ட்ராசோனிக்கில் போடு. பைலட் ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதே. அளவு மாறினால் கண்ணுக்குத் தெரியாது, அடைத்திருந்தால் புதிதே வாங்கிவிடு. கலிஃபோர்னியா பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பரை ஊதவைக்கும், ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடிந்ததும் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்.

பெட்ரோல்-ஆயில் கலவை அந்தக் காலத்தில் 20-க்கு 1. இப்போதைய சிந்தெடிக் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலில் 32-க்கு 1 போதும், 5 லிட்டருக்கு 156 மில்லி. இங்கே ஒரு நுட்பம்: ஆயில் குறைந்தால் அதே ஜெட்டில் பெட்ரோல் கூடுகிறது, அதனால் கலவை கொஞ்சம் ரிச்சாகும். விகிதம் மாற்றினால் ஜெட்டையும் திரும்பப் பார்.

ஃபிரேம் குரோம்-மாலிப்டினம் குழாய். பவுடர் கோட்டிங் போடுவதற்கு முன் ஃபுட்பெக், ஸ்விங் ஆர்ம், ஸ்டீயரிங் கழுத்து மூன்றையும் வெற்று உலோகமாக்கி விரிசல் பார். கோட்டிங் போட்டுவிட்டால் விரிசல் மறைந்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டில் ஹெட் கை பொறுக்கும் சூடு வந்ததும் நிறுத்து. முழுதாக ஆறவிடு. மூன்று முறை இப்படிச் செய்தபின் பத்து நிமிடம் பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டு. அப்புறம் சிலிண்டரைக் கழற்றாமல் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகவே பிஸ்டன் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்பு. ஒரே இடத்தில் பளபளப்பான தேய்வு தெரிந்தால் கிளியரன்ஸ் இறுக்கம். நான்கு மூலையில் தெரிந்தால் சீக்கிரம் சூடாக்கிவிட்டாய் என்று அர்த்தம்.

ராட் கிட் பற்றி முடிவெடுக்கும் முன் கிராங்க் ஆட்டத்தை வீடியோ எடுத்துப் போடு. இங்கே இரவு ஒன்பதுக்கு மேல் நான் ஃப்ரீ.

உன்,
கண்ணன்