ரகப் பட்டியலும் மைக்ரேஷனும்

கிருஷ்ணகிரி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. இங்கே மண்டிகளில் பெங்களூரா மாங்காய் இறங்க ஆரம்பித்துவிட்டது. மாங்கூழ் ஆலைப் பக்கம் போனால் லாரி வரிசைதான். சரி, உன் மண்டிக் கணக்கு புரோகிராமுக்கு வருகிறேன். ஆரம்பப் பட்டியல்களை மைக்ரேஷனில், அதாவது டேட்டாபேஸை மாற்ற வரிசையாக ஓடும் ஃபைல்களில், போடலாமா என்று கேட்டிருந்தாய்.

மாங்காய் ரகம், தாலுகா இரண்டையும் மைக்ரேஷனிலேயே போடு. அவை இல்லாமல் பில் போட முடியாது. சோதனைக்கு வைத்திருக்கிற பொய் விவசாயி, பொய் பில் மட்டும் அங்கே வேண்டாம். மைக்ரேஷன் நிஜ சர்வரிலும் ஓடும். அவற்றுக்குத் தனி கமாண்ட் எழுதிக்கொள்.

பைத்தானின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில்தானே எழுதுகிறாய்? மேக்மைக்ரேஷன்ஸ் கமாண்டில் எம்ப்டி என்று கொடுத்தால் வெற்று ஃபைல் வரும். அதில் ரன்பைதான் (RunPython) என்பதை வைத்து உன் ஃபங்ஷனைக் கொடு. மாடலை (டேபிளைக் குறிக்கும் கிளாஸ்) நேராக இம்போர்ட் செய்யாதே, உன் ஃபங்ஷனுக்கு வரும் ஆப்ஸ் கொடுக்கும் கெட்_மாடல் வழியாகவே எடு, அது அந்த மைக்ரேஷன் சமயத்து வடிவத்தைத் தரும். நேராக எடுத்துவிட்டு, நாளைக்கு ரகத்தில் 'தரம்' என்று ஒரு ஃபீல்டு சேர்த்தாயானால், புது டேட்டாபேஸில் இந்தப் பழைய மைக்ரேஷன் முதலில் ஓடும். டேபிளில் அந்த ஃபீல்டு இன்னும் வந்திருக்காது, எரர் அடிக்கும். உன் மெஷினில் ஏற்கெனவே ஓடிவிட்டதால் உனக்குத் தெரியவே தெரியாது, புதிதாகச் சேரும் பையன்தான் மாட்டுவான். கெட்_மாடலில் ஒரு குறை: நீ எழுதிய சேவ் மெத்தட் அதில் இருக்காது. அது நிரப்புகிற ஃபீல்டுகளை நீயே நிரப்பு.

ஐடி கையால் கொடுக்காதே. பெங்களூராவுக்கு 1, செந்தூராவுக்கு 2 என்று கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அடுத்த ஐடியைத் தரும் சீக்வென்ஸ் நகராது. திரையில் யாராவது நீலம் ரகத்தைச் சேர்க்கும்போது மறுபடி 1 வந்து டூப்ளிகேட் கீ என்று நிற்கும். ரகக் குறியீட்டை வைத்து, இருந்தால் திருத்தி இல்லாவிட்டால் சேர்க்கும் அப்டேட்_ஆர்_கிரியேட் போதும். டேபிளை மாற்றுவதையும் டேட்டா போடுவதையும் ஒரே ஃபைலில் கலக்காதே, போஸ்ட்கிரெஸ் சில சமயம் முரண்டு பிடிக்கும்.

மைக்ரேஷனைப் பின்னோக்கி ஓட்ட, எதுவும் செய்யாத நூப் கொடு, அதுவும் இல்லையென்றால் திரும்பவே முடியாது. பின்னோக்கிப் போகும்போது ரகங்களை அழிக்கிற ஃபங்ஷன் எழுதாதே. பில் டேபிளில் காஸ்கேட் இருந்தால் ரகத்தோடு பில்லும் போய்விடும்.

ஓடி முடிந்த ஃபைலைத் திருத்திப் பயனில்லை, மறுபடி ஓடாது. ஓசூரும் ஊத்தங்கரையும் 2004 வரை உங்கள் தருமபுரி மாவட்டம்தானே? அப்படித் தாலுகாவின் மாவட்டம் ஏதாவது மாறினால் புது மைக்ரேஷன் எழுதி மாற்று.

சர்வரில் ஏற்றுமுன் வெற்று டேட்டாபேஸில் முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார். எங்காவது நின்றால் அந்த எரரை அப்படியே அனுப்பு.

அன்புடன்,
சேகர்