பட்டுக்கோட்டைக்கு ரயில் புதிதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய பாம்பன் பாலத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடுவதை நன்றாக விளக்கியிருந்தீர்கள். என் பேரனுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பக்கத்துப் பெட்டிச் செய்தியில், தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலால் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி மக்கள் ‘முதன்முறையாக’ச் சென்னைக்கு நேரடி ரயில் பெற்றிருக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். “அப்புறம் என்ன தாத்தா?” என்று பேரன் கேட்டான். என்னால் மேலே வாசிக்க முடியவில்லை.

ஐயா, எங்களுக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் இருந்தது. எழும்பூரில் ராத்திரி ஏறினால் மாயவரம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகும். கம்பன் விழா எடுக்கும் ஊருக்குப் போகிற வண்டி என்பதால் அந்தப் பெயர். 2000-ல் என் மூத்த மகளைச் சென்னையில் கல்லூரியில் சேர்க்க அந்த ரயிலில்தான் போனேன். தகரப் பெட்டியும் பாயும் தலையணையுமாக ஏறினோம். அவள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் விடிகாலையில் பட்டுக்கோட்டை ரயிலடியில் சைக்கிளோடு காத்திருப்பேன். உங்களைப் போன்ற மூத்த பத்திரிகையாளருக்கு அந்த வண்டி தெரியாமல் இருக்காது. உங்கள் நிருபர்களில் யாராவது ஒருவர் அதில் பயணம் செய்திருப்பார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையை பிராட் கேஜ் என்ற அகலப் பாதையாக மாற்ற மூடினார்கள். கம்பன் நின்றது. அந்த வேலை முடிந்து 2010-ல் பெரிய ரயில்கள் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கின. அப்போதும் எங்கள் பாதை மீட்டர் கேஜாகவே கிடந்தது. திருவாரூர் வரை ஒரு அளவு, அதற்கு மேல் ஒரு அளவு என்றால் வண்டி எப்படி வரும்? பிறகு 2012-ல் எங்கள் பாதையையும் மூடினார்கள். திருவாரூரிலிருந்து காரைக்குடி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். முழுதாக ரயில் ஓடியது 2019 ஜூன் 1-ல். நடுவே அந்த ஏழு வருஷம் ரயிலடியில் மனித வாசனையே இல்லை.

என் தாயாருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. பத்து மைல் போவதற்குள் வாந்தி எடுத்துச் சுருண்டுவிடுவார். மகளுக்குச் சென்னையில் குழந்தை பிறந்தபோது, கொள்ளுப்பேரனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “ரயில் விடட்டும்மா, அழைத்துப்போகிறேன்” என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். 2017-ல் காலமாகிவிட்டார். அந்தக் கொள்ளுப்பேரன்தான் இப்போது லீவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கட்டுரையைக் கேட்டவன். ‘முதன்முறையாக’ என்ற சொல் என்னை ஏன் சுட்டது என்று உங்களுக்குப் புரியும் என நம்புகிறேன்.

2019-ல் ரயில் விட்டார்களே, அது எப்படி ஓடியது என்று எழுதினீர்களா? நான் முதல் வாரத்திலேயே பட்டுக்கோட்டையில் ஏறித் திருவாரூர் போனேன். லெவல் கிராசிங்குகளுக்குக் கேட் கீப்பர் போடவில்லை. ஆட்களை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் வண்டி நிற்கும். முன்னால் ஒருவர் இறங்கிப்போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் ஒருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். திருவாரூரிலிருந்து காரைக்குடி போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த வெயிலில் இறங்கி ஏறிய ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பஸ்ஸில் பாதி நேரத்தில் போய்விடலாம் என்றால் ஜனங்கள் எதில் ஏறுவார்கள்? அப்புறம் “கூட்டம் இல்லை” என்று சொல்வார்கள். இதைப் பற்றி அப்போதே உங்கள் இதழுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். வரவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும், நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

இது யார் போட்ட பாதை என்பதையாவது சொல்லியிருக்கலாம். வெள்ளைக்காரன் கம்பெனி தானாக வந்து போட்டதல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தீர்வையில் ரூபாய்க்கு 3 பை (அந்தக் காலத்துக் கால் அணா) என்று ரயிலுக்கென்றே வரி வசூலித்தது. 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல். 1902-ல் பட்டுக்கோட்டை, 1903-ல் அறந்தாங்கி. காரைக்குடி வரை நீண்டது சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-ல். வண்டி ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. பணம் இங்கே நெல் விதைத்தவன் கொடுத்தது. “நம்ம வரிப்பணத்துல போட்ட ரயில்டா” என்று என் தாத்தா சொல்லுவார். கைகாட்டி இறங்கும்போது வருகிற வண்டியை ஏதோ தன் வீட்டு மாடு வருவதைப் போலப் பார்ப்பார். 125 வருஷத்துக்கு மேலான அந்தப் பாதையை இன்று யாரோ எங்களுக்குப் புதிதாகத் தந்ததாக எழுதினால், அவர் கட்டிய வரிக்கு என்ன கணக்கு?

நான் எழுபதுகளில் காரைக்குடியில் படித்தவன். திங்கள் விடிகாலை பேராவூரணியில் ஏறுவேன், வெள்ளி மாலை திரும்புவேன். அதிராம்பட்டினத்திலிருந்து மீன் கூடைகளோடு வரும் பெண்கள், தேங்காய் மூட்டை, வெற்றிலைக் கட்டு எல்லாம் ஒரே பெட்டியில். அவர்களில் ஒரு அம்மா எனக்குச் செமஸ்டர் எப்போது முடிகிறது என்பது வரை தெரிந்து வைத்திருந்தார். ரயில் நின்றபோது அந்தப் பெண்கள் வேனுக்குப் பங்கு போட்டுப் பணம் கொடுத்தார்கள். சிலர் தொழிலையே விட்டார்கள்.

உங்கள் இதழ் இப்படி எழுதுவது முதல் தடவையும் அல்ல. 2011-ல் மன்னார்குடிக்கு ரயில் வந்தபோதும் “ரயில் கண்ட மன்னை” என்று தலைப்புப் போட்டீர்கள். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு அதற்கு எத்தனையோ காலம் முன்பே ரயில் ஓடி, பிறகு எடுக்கப்பட்டது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயில் 2004-ல் நின்று 2023 ஏப்ரலில்தான் திரும்ப வந்தது. 1930-ல் ராஜாஜி நடந்துபோய் உப்பு அள்ளிய இடத்துக்குப் போகிற பாதை அது. பத்தொன்பது வருஷம் மூடிக் கிடந்ததைப் பற்றி உங்கள் இதழில் ஒரு வரி பார்த்த நினைவில்லை. தரங்கம்பாடிக்கு 1926-ல் வந்த ரயில் 1986-ல் போனது, போனதுதான். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு நேர் பாதை வேண்டும் என்று நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து கேட்கிறோம். அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஜனங்கள் ரயிலுக்காக ஊர்வலம் போயிருக்கிறார்கள், மனு கொடுத்திருக்கிறார்கள். நானே ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. அந்த அட்டைகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

தாம்பரம் ரயில் வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 2025 ஏப்ரலில் அது வந்த சில நாட்களிலேயே மனைவியோடு ஏறிப் போய் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தென்னந்தோப்புகள் பின்னால் ஓடுவதைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கோபம் ரயில் மீது அல்ல.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், ‘முதன்முறையாக’ என்பதை ‘மீண்டும்’ என்று திருத்திப் படிக்கவும் என இரண்டு வரி போடுங்கள். கம்பன் எக்ஸ்பிரஸ் என்ற பெயரும் அதில் இருக்கட்டும். பேரன் ஊருக்குக் கிளம்புவதற்குள் வந்தால் அவனிடம் காட்டுவேன். அவனுக்கு ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், பேராவூரணி