எண்ணெயை மாற்றும் முன்

ஆசிரியருக்கு,

முடி கொட்டினால் உடனே தண்ணீரையும் ஷாம்புவையும்தான் திட்டுகிறோம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்புதான். சீப்பில் கொத்தாக வந்தால் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள்: கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி டயட் என ஏதாவது இருந்திருக்கும். உடம்பு பட்ட அடியை முடி தாமதமாகத்தான் காட்டும். இந்த வகை பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும்.

ஆண்களுக்கு நெற்றியோரம் ஏறி உச்சியில் சொட்டை விழுவது பெரும்பாலும் பரம்பரை. அப்பாவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், அம்மா வழியிலும் வரும்! பெண்களுக்கு வகிடு அகலமாவதிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. இருந்தாலும் இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், தினமும் இறுக்கிக் கட்டும் கொண்டையும் வேரைப் பிடுங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்