தேனீ ஏறாத தேனீப் பூ விதை: நான்காவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: தேனீ மலர் விதைக் கலவை, பெரிய பாக்கெட் 2, ரூ. 480

ஐயா, வணக்கம். முதல் மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்ற ஒரே குறுஞ்செய்திதான் வந்தது. எங்கே பதிவானதோ தெரியவில்லை.

மார்த்தாண்டம் பக்கத்தில் நான்கு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ரப்பர் தளிர்க்கும்போதுதான் தேன். அது முடிந்து மழை பிடித்தால் சீனிப்பாகு வைத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். அந்தக் காலத்துக்குப் பூ இருக்கட்டும் என்றுதான் உங்கள் மஞ்சள் பாக்கெட்டை வாங்கினேன்.

நன்றாகத்தான் பூத்தது. ஆனால் சூரியகாந்தி, ஜினியா, செண்டு எல்லாமே அடுக்குப் பூ! மகரந்தம் இருக்க வேண்டிய இடத்திலும் இதழ். ஒரு தேனீ வந்து உட்கார்ந்து, இதழுக்குள் தலையை விட்டுத் துழாவி, ஒன்றும் கிடைக்காமல் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது நேராகப் போனது, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் தானாக முளைத்த துளசிக்கு. தேனீக்கு ஒற்றை வரிசை இதழ் உள்ள ரகம் வேண்டும் என்பது விதைக் கம்பெனிக்கு நான் சொல்லித் தர வேண்டிய விஷயமா?

போனில் பேசிய உங்கள் ஆள் சொன்னது: "பூ அழகாத்தானே சார் இருக்கு? தேனீயைக் கூட்டிட்டு வர்றதும் எங்க வேலையா?" அதோடு விடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் "தேனீ கேஸ் மறுபடியும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வயது 61. நாகர்கோவில் டீலரிடம் செடியை வேரோடு கொண்டுபோகச் சொன்னவரும் இவர்தான். செய்தித்தாளில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன், பாதிப் பூ வழியிலேயே உதிர்ந்தது. கம்பெனி ஆள் திங்கட்கிழமை வருவார் என்றார்கள். திங்கட்கிழமையும் போனேன். வரவில்லை. ஒரு பெட்டிக் கூட்டம் ஓடிப்போனதும் அந்த வாரம்தான். அந்தப் பெட்டியின் ஒரு வருடத் தேனே போய்விட்டது.

சொல்ல விட்டுப்போனது: விதையில் ரோஸ் நிறத்தில் ஏதோ பூசியிருந்தது. என்ன மருந்து? இமிடாகுளோபிரிட் பூச்சிமருந்து என்றால் அது தேனீக்கு விஷம். முதல் கடிதத்திலேயே கேட்டேன்.

பத்து வருடமாக உங்கள் வெண்டை விதைதான் போடுகிறேன், ஒரு குறை சொன்னதில்லை. அந்த மரியாதையில்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். 15 நாளில் ரூ. 480, இரண்டு தடவை பஸ் செலவு, ஓடிப்போன கூட்டத்துக்கு ரூ. 10,000 வர வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

வங்கிக் கணக்கு எண்ணை மறுபடி கேட்க வேண்டாம். மூன்று கடிதத்திலும் இருக்கிறது.

இப்படிக்கு,
மஞ்சள் பாக்கெட் வாங்கியவன்