2024-25 ஆண்டறிக்கை: அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு பத்து முறை கூடியது. சம்ப் இரண்டு முறை சுத்தம் செய்யப்பட்டது, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, மொட்டைமாடிக் கசிவு நின்றது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக பார்க்கிங் விஷயத்துக்கு வருகிறேன்.

2014 பொதுக்குழுவில் நான் கொடுத்த மதிப்பீடு மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது: "2025இல் 48 வீட்டுக்கு 40 கார்." இன்று ஸ்டிக்கர் வாங்கிய கார்கள் 61. நமக்கு உள்ள இடம் 44. தப்பு என்னுடையதுதான்.

கார் இல்லாத வீடுகளை எண்ணி, அதில் இத்தனை பேர் வாங்குவார்கள் என்று கூட்டினேன். வாங்குபவர் என்றால் குடும்பத் தலைவர், நாற்பதைத் தாண்டியவர், வீட்டுக்கு ஒரு கார் என்றுதான் மனசில் இருந்தது. வந்ததோ வேறு. பி பிளாக்கில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே இஎம்ஐயில் கார் எடுத்தார். அப்பாவின் கார் ஏற்கெனவே பக்கத்தில் நிற்கிறது. முழங்கால் வலிக்குப் பயந்து ஸ்கூட்டரை விற்ற பெரியவர் ஒருவர், கிளட்ச் மிதிக்க வேண்டாமே என்று ஆட்டோமேடிக் வாங்கினார். ஓட்ட ஆளே இல்லாத கார்களும் உண்டு. மகன் அமெரிக்காவில், கார் இங்கே தூசி படிந்து நிற்கிறது, வாரம் ஒருமுறை வாட்ச்மேன் ஸ்டார்ட் பண்ணுகிறார்.

எண்ணிக்கையைவிட உடம்பு பெருத்ததுதான் பெரிய தொல்லை. மாருதி 800இன் அகலம் 1.44 மீட்டர், இன்றைய கிரெட்டா 1.79. 2023-24இல் நாட்டில் விற்ற சுமார் 42 லட்சம் பயணியர் வாகனங்களில் 25 லட்சம் எஸ்யூவி, எம்பிவி (பலர் உட்காரும் குடும்ப வண்டி) ரகம். நம் வெள்ளைக்கோடுகளோ 2004இல் போட்டவை. 8ஆம் எண் உறுப்பினர் தூணை ஒட்டி நிறுத்திவிட்டு, இடது பக்கக் கதவு வழியாக ஊர்ந்து இறங்குகிறார்.

அடுத்த மதிப்பீட்டில் வீடுகளை எண்ணப் போவதில்லை. வருமானம் ஏற ஏற கார் முதலில் மெல்ல, பிறகு மளமளவென்று பெருகி, பின் தேங்கும் என்பது கார் பெருக்கத்தை ஆராய்பவர்கள் கணக்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டில் கார் உள்ள வீடுகள் நூற்றுக்கு எட்டைக்கூடத் தொடவில்லை. அதனால் நாட்டுக்கு இது தொடக்கம். நம் வளாகம் தேக்கத்தை நெருங்கிவிட்டது என்பது என் எண்ணம். மறுபடி என் கணக்கு தப்பினாலும் தப்பலாம்.

லைசென்ஸ் உள்ளவர்கள், அவர்கள் வயது, நகராமல் நிற்கும் கார்கள், மூன்றையும் கேட்கும் படிவம் வாட்ச்மேன் அறையில் இருக்கிறது. 31ஆம் தேதிக்குள் நிரப்பித் தாருங்கள். இரண்டாவது காருக்குத் தனிக் கட்டணம் என்ற தீர்மானம் இன்றே வாக்கெடுப்புக்கு வருகிறது.

இப்படிக்கு,
செயலாளர்